முதல் பக்கத்தில் வீட்டு முகவரி

வெள்ளி, இரவு.

மாணவர்கள் தங்கள் ஆக்கங்களைச் சேர்த்து வைக்க, இலவச இணையத்தளம் அமைக்கப் பழக்கினேன். கொப்பி மட்டையில் எழுதுவதுபோல, முதல் பக்கத்தில் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், ஆசிரியராக என் பெயர் எல்லாம் போடச் சொன்னதும் நான்தான்.

இன்று மாணவி தர்ஷினி வந்தாள். "சேர், ஆரோ ஒராள் போன் எடுத்து, அம்மா எத்தின மணிக்கு வேலைக்குப் போறவ எண்டு கேட்டவர்."

"சொன்னியா, மகள்?"

"ஓம் சேர், ஏழு மணிக்கு எண்டன். நீங்கதான் கேக்கச் சொன்னீங்களாம்."

நான் யாரையும் கேட்கச் சொல்லவில்லை; போன் எடுத்தவன் அந்தப் பக்கத்தில் பார்த்துத்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். பக்கங்களை உடனே அழித்தேன். முகவரி அவனிடம் இருக்கிறதே. தாய்க்கு நாளையும் வேலை. பிள்ளை தனியே இருப்பாள்.

விடிந்ததும் அவர்கள் வீட்டு வாசல் கேற்றடியில் போய் நிற்பேன். என் பெயரைச் சொல்லி வருபவனிடம், அந்த ஆசிரியர் நான்தான் என்று சொல்லவாவது குரல் வரவேண்டும்.