நான்காம் தொகுதியின் பிள்ளைகளை அவரவர் வீட்டில் எண்ணக் கோரி

அனுப்புநர்:
ஆர்தேலியா பிகின்ஸ்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
118, மல்பெரி தெரு,
கோல்வெல், டன்மோர் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தொகுதி எல்லை மறுவரையறைக் குழு,
மாநிலச் சட்டமன்ற வளாகம்.

பொருள்: டன்மோர் மாவட்ட மன்றத்தின் நான்காம் தொகுதியைக் கலைக்கும் வரைபடத்தை நிறுத்தி வைக்கவும், சிறையிலுள்ள எங்கள் பிள்ளைகளை எங்கள் முகவரியிலேயே கணக்கில் சேர்க்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அனுப்பிய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி முகவரியில் நாற்பத்தொரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கறுப்பினப் பெண். இதைத் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் தங்கள் வரைபடம் கேட்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். முந்தைய மூன்று மனுக்களுக்கும் “தங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரே பதில் வந்தது. கையெழுத்துகூட அச்சில் இருந்தது. கோபப்படும் தெம்பு போய்விட்டது. இருந்தும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2. எங்கள் மாவட்ட மன்றத்தில் ஐந்து இடங்கள். அவற்றுள் நான்காம் தொகுதியில் மட்டும்தான் கறுப்பினத்தவர் பெரும்பான்மை. 1987-ல் வழக்குப் போட்டு வாங்கிய தொகுதி அது. அதற்கு முன் எங்கள் தெருக்காரர்கள் அந்த மன்றத்துக்குள் போனது தரை துடைக்கத்தான். இப்போது மக்கள்தொகை குறைந்துவிட்டதென்று அதை இரண்டாகப் பிளந்து மூன்றாம், ஐந்தாம் தொகுதிகளில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த இரண்டிலும் வெள்ளையர் வாக்கே அதிகம். எங்கள் வாக்கு இருக்கும், ஆனால் எங்களுக்காகக் கேட்க ஆள் இருக்கமாட்டார்.

3. குறைந்ததாகச் சொல்லப்படுவோர் 212 பேர். அவர்கள் சாகவில்லை, ஊரைவிட்டு ஓடவும் இல்லை. நூற்றெண்பது மைலுக்கு அப்பால் ராஸ்மோரில் மாநிலச் சிறையில் இருக்கிறார்கள். படுத்துறங்கும் இடத்தில்தான் ஆளை எண்ண வேண்டும் என்பது விதியாம். ஆகவே அவர்கள் ராஸ்மோர் மாவட்ட மன்றத்தின் இரண்டாம் தொகுதிக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். வெள்ளையர் மட்டுமே வாழும் ஊர் அது. அந்தத் தொகுதியிலிருந்து சிறையை எடுத்துவிட்டால் ஒரு தேவாலயமும் நாலைந்து கோழிப்பண்ணைகளும் மிஞ்சும். எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு கிடையாது. அவர்களின் தலைகளை வைத்து அந்த ஊருக்கு மட்டும் ஒரு மன்ற இடம் கிடைக்கிறது.

4. இந்தக் குறைவில் எனக்கும் பங்கு உண்டு என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளராக இந்தத் தெருக்களில் வேலை செய்தவள் நான். கேட்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று ஆயுளுக்கும் சத்தியம் செய்து கொடுத்த பிறகே வேலை கொடுத்தார்கள். அந்த வெயிலில், முகக்கவசத்தோடு, வீடு வீடாக ஏறி இறங்கினேன். மற்றவர்களுக்குத் திறக்காத கதவுகள் எனக்குத் திறந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பேருந்தில் பள்ளிக்கு ஏற்றிப் போனவள் நான்தானே.

எதிர்வீட்டு மிஸ் யூலா பெட்டிஃபோர்டின் அனுமதியுடன் இதை எழுதுகிறேன். வீட்டில் யார் யார் என்று கேட்டதும் அவர் முதலில் சொன்னது ராஸ்மோர் சிறையில் இருக்கும் மகன் கார்னெலின் பெயரை. பழக்கத்தில் நானும் பதிந்துவிட்டேன். பிறகு நினைவு வந்து, அவனை இங்கே சேர்க்கக் கூடாது என்று விதியைச் சொன்னேன்.

“அவன் கட்டில் இங்கதானே கிடக்கு, ஆர்தேலியா? வாரா வாரம் விரிப்பு மாத்திட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

நான் அந்தப் பெயரை நீக்கினேன். விதிப்படி நான் செய்தது சரி. அந்த மாதம் முழுக்க, வீட்டுக்கு வீடு, சரியானதையே செய்தேன்.

5. இவ்வாண்டு மார்ச்சில் கார்னெலின் காலில் சர்க்கரைப் புண் வந்து அழுக ஆரம்பித்தது. சிறைக்கு எழுதிக் கேட்டும் பதிலே இல்லை. அவன் ராஸ்மோர் கணக்கில் இருப்பதால் ராஸ்மோர் இரண்டாம் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன், நானே எழுதியும் கொடுத்தேன். அவர் மிஸ் யூலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

“மன்னிச்சுக்குங்கம்மா, உங்க பையன் என் தொகுதி ஆள் இல்லீங்க. உங்க ஊர் உறுப்பினர்கிட்டயே சொல்லுங்க” என்றார்.

சொன்னோம். எங்கள் நான்காம் தொகுதி உறுப்பினர் இரண்டு நாள் விடாமல் சிறைக்கும் சுகாதாரத் துறைக்கும் பேசி அவனை மருத்துவமனைக்கு அனுப்ப வைத்தார். இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. கார்னெல் எங்கள் ஆள் அல்ல என்ற கணக்கைக் காட்டித்தான் அந்த உறுப்பினரின் இடத்தை எடுக்கிறீர்கள். புண் இன்னும் ஆறவில்லை. அடுத்த முறை யாரைக் கூப்பிடுவது என்று மிஸ் யூலா என்னைக் கேட்கிறார்.

6. அக்டோபரில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எனக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள். மணி அடித்த பிறகு தங்கள் குழுவினர் ஒருவர், அந்த 212 பேரின் பெயர்களைக் காட்ட முடியுமா என்று கேட்டார். பல பெயர்கள் எனக்குத் தெரியும். சத்தியம் செய்தவளாதலால் வாயைத் திறக்கவில்லை. ஊர் திரும்பி, அதே தெருக்களில் மறுபடி நடந்தேன். இம்முறை என் கையில் வெறுங்காகிதம்தான். பெற்றவர்களே எழுதிக் கையெழுத்திட்டால் அது என் வாயால் வந்ததாகாது அல்லவா.

“அன்னிக்கு அழிச்சதும் நீ. இன்னிக்கு எழுதிக் குடுன்னு வந்து நிக்கிறதும் நீ” என்றார் மிஸ் யூலா.

பிறகு அவரே காகிதத்தை வாங்கி, பேனாவை அழுத்தி, மகன் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தார். இப்படி 147 பெயர்கள் சேர்ந்தன. மற்ற வீடுகளில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

7. ஆகவே, டிசம்பர் 6 அன்று வரைபடத்தில் கையெழுத்திடுவதைத் தாங்கள் நிறுத்தி வைக்க வேண்டும். இணைப்பிலுள்ளவர்களை அவரவர் வீட்டு முகவரியில் எண்ணி, அதன் பிறகு எல்லையை வரைய வேண்டும். வேறு சில மாநிலங்கள் அப்படிச் செய்கின்றன. அதற்கு வழியே இல்லை என்றால், கார்னெல் பெட்டிஃபோர்டுக்காகப் பேச வேண்டிய உறுப்பினர் யார் என்பதை எழுத்தில் அவன் தாயாருக்கு, 121, மல்பெரி தெரு என்ற முகவரிக்கு, நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். என் வழியாக அனுப்ப வேண்டாம். அந்த வாசலில் நின்று இன்னொரு விதியைச் சொல்ல என்னால் முடியாது.

நாள்: 15.11.2021
இடம்: கோல்வெல்

இங்ஙனம்,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆர்தேலியா பிகின்ஸ்

இணைப்புகள்:
1. பெற்றோர் கைப்பட எழுதிய பெயர்கள், 147.
2. கணக்கெடுப்புப் பணியைப் பிழையின்றி முடித்தமைக்காக எனக்கு வழங்கப்பட்ட பாராட்டுச் சான்றிதழ், அசல். திருப்பி அனுப்பத் தேவையில்லை.