கலஹா சபையின் கடைசி வாங்கு

கண்டி,
5.11.1973

கர்த்தருக்குள் பிரியமான சகோதரர் சின்னமுத்து வாத்தியாருக்கு,

உங்களுக்கும் வீட்டாருக்கும் சமாதானம்.

இந்தத் தபாலிலேயே சபையின் பெயரில் இன்னொரு கடிதமும் வரும். அதுவும் என் கையெழுத்துத்தான். அதை முதலில் படித்துவிட்டு இதைப் படியுங்கள். இல்லை, இதையே முதலில் படியுங்கள். எது நல்லது என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

புதன்கிழமை கண்டிச் சபையின் மூப்பர்கள் கூடினார்கள். சபையின் எழுத்தன் என்ற முறையில் நானும் இருந்தேன். உங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்த அடக்கத்தில் நீங்கள் சொன்னதைப் பற்றித்தான் பேச்சு. விசுவாசியாமல் இறந்தவர்களையும் சேர்த்து, கடைசியில் ஆண்டவர் ஒருவரையும் கைவிடமாட்டார் என்று நீங்கள் சொன்னதாக அங்கே நின்ற நம் சகோதரர் ஒருவர் அறிவித்திருந்தார். மூத்த சகோதரர் தியாகராஜா உங்களிடம் எழுதிக் கேட்டார். நீங்களும், சொன்னது உண்மை, அப்படியே நம்புகிறேன் என்று பதில் போட்டுவிட்டீர்கள். கலஹா சபையும் உங்கள் பக்கம் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ஆகவே கலஹா சபையோடு ஐக்கியத்தை விலக்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. இனி உங்களிடமிருந்து வருகிறவர்கள் கண்டியில் ஆண்டவருடைய மேசையில் அப்பம் பிட்க முடியாது. எங்கள் பிரசங்கிமார் அங்கே வரமாட்டார்கள். உங்கள் வாழ்த்துக் கடிதங்கள் இங்கே வாசிக்கப்படமாட்டா.

அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்கள் எடுத்த முடிவை நல்ல தமிழில் எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. ஆனாலும் அந்தச் சபைக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் சொன்னது பிழை என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் நீங்களும் நானும் பேராதனையில் ஒரே நாளில் மகாவலியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். ஆழத்துக்குப் பயந்து கரையில் நின்ற என்னைக் கையைப் பிடித்து இறக்கியவர் நீங்கள். அந்த ஒரு வார்த்தையை மனதுக்குள்ளே வைத்திருக்கக் கூடாதா, வாத்தியார்?

இங்கே மாவுத் தட்டுப்பாட்டில் ஒரு பாண் ரொட்டிக்கு விடியுமுன்பே வரிசையில் நிற்கிறோம். வீட்டில் இராஜேஸ்வரி உங்கள் எல்லோரையும் சுகம் கேட்கிறாள். இந்த விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மிகுந்த வருத்தத்துடன்,
சா. வீரசிங்கம்


மேற்பிரிவு, கலஹா,
14.11.1973

அன்பும் மதிப்பும் உள்ள வீரசிங்கம் ஐயா அவர்களுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நலம். இரண்டு கடிதங்களும் ஒன்றாகவே வந்தன. எதை முதலில் படித்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அதையும் யோசித்து வருந்துவீர்கள்.

நடந்ததை நீங்கள் என் வாயால் அறிய வேண்டும். இறந்தது நம் சபை வடிவம்மாவின் மகள் சீதா. சாமி கும்பிடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நம் கூட்டத்துக்கு வந்ததில்லை. காய்ச்சல் என்று எழுதினார்கள். அவள் இருந்த லயத்து வீட்டில் பல நாட்களாக அடுப்பு மூட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குழிக்கரையில் வடிவம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “வாத்தியாரே, எம் மக ஆண்டவரு பேரச் சொல்லாமலே போயிட்டா. அவள அவரு கைவிட்டுருவாரா? எதுனாலும் இப்பவே சொல்லிருங்க” என்றார்.

“விடமாட்டாரு ஆத்தா. கடைசியில யாரையும் விடமாட்டாரு” என்றேன்.

அந்த ‘யாரையும்’தான் தியாகராஜா ஐயாவுக்கு முள்ளாகிவிட்டது. அதற்கு முன் என் வாயிலும் அந்தச் சொல் வந்ததில்லை. ஆறுதலுக்காகச் சொன்னேனா என்று பிறகு என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை, நம்பித்தான் சொல்லியிருக்கிறேன். மனதில் வைத்திருக்கலாமே என்கிறீர்கள். அந்தக் கை என் சட்டையில் இருந்தபோது முடியவில்லை, ஐயா.

கண்டிக் கடிதத்தைச் சபையில் வாசித்தேன். அழகர் கங்காணி மட்டும், “கண்டிக்காரங்க சொன்னா நாம கேக்கணுமா?” என்றார். “அவுங்க என்ன வேத்தாளுங்களா?” என்று கேட்டார் வடிவம்மா. அத்தோடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கடிதத்தின்படி நடக்கிறோம். நீங்கள் மனம் கலங்க வேண்டாம்.

உங்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளும்,
வே. சின்னமுத்து


கண்டி,
14.1.1974

பிரியமான வாத்தியாருக்கு,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சுகமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டு நம் கூட்டத்துக்குப் போகவில்லை. பேராதனைக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “பேராதனைக்குப் போறதுக்கு ஏன் மப்ளர்?” என்று இராஜேஸ்வரி கேட்டாள். மப்ளரைச் சுற்றிக்கொண்டே போய்க் கலஹா பஸ்ஸில் ஏறினேன். உங்கள் முகங்களைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. உள்ளே வரத் தைரியமும் இல்லை. விலக்கப்பட்ட சபையில் போய் அமர்ந்தவன் மூப்பர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மண்டபத்தின் பக்கச் சுவருக்கும் தேயிலைக்கும் நடுவே, தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன்.

முன்வாங்குப் பலகைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. நீங்கள் அத்தனை பேரும் கடைசி வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தீர்கள். இடம் போதாமல் சிலர் பின்சுவரோடு நின்றார்கள். முன்னால் மேசை, வெள்ளைத் துணி, தட்டில் ஒரு ரொட்டி, பக்கத்தில் பாத்திரம். பாடினீர்கள். ஜெபித்தீர்கள். ஜெபத்தில் என் பெயரும் தியாகராஜா ஐயாவின் பெயரும் வந்தன. பிறகு அப்பம் பிட்கும் வேளை வந்தது. யாராவது எழுந்து மேசைக்குப் போவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் எழவில்லை. மெலிந்த முகங்கள் எல்லாம் அந்த ரொட்டியையே பார்த்திருந்தன. தகப்பன் மடியில் இருந்த சிறு பெண் அதைக் காட்டி ஏதோ கேட்டாள். அவர் அவளுடைய கையை மெல்லத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தீர்களோ தெரியாது. மழை நின்றதும் எனக்குத் தெரியவில்லை. பிறகு நீங்கள் துணியால் மூடி, ஜெபித்து, கூட்டத்தை முடித்தீர்கள். வாசலில் காத்து நின்ற, நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு கிழவரிடம் அந்த ரொட்டியை முழுசாகக் கொடுத்தீர்கள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் கால் நனைவதை உணர்ந்தேன். சப்பாத்துகள் கையில் இருந்தன. எப்போது கழற்றினேன் என்று தெரியாது. கண்டியில் எத்தனையோ வருடங்களாக அந்த மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. நல்ல பயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் வாத்தியார், நான் அப்படி எழுதவில்லையே. தவறு செய்த தனி ஒருவரைத்தான் நம் சபைகளில் கடைசி வாங்கில் உட்காரவைத்து, தட்டு அவரைக் கடந்து போகச் செய்வது வழக்கம். ஒரு சபையோடு ஐக்கியம் விலக்குவது வேறு. நாங்கள் உங்களோடு பிட்கமாட்டோம் என்பது மட்டுந்தான் அதன் பொருள். உங்களுக்குள் நீங்கள் பிட்பதை யாரும் தடுக்கவில்லை. விலக்கப்பட்ட சபைகள் எல்லாம் தங்கள் பாட்டில் நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. கடிதத்தின் பிரதியை எடுத்துத் திரும்பவும் படித்தேன். என் எழுத்துத் தெளிவில்லாமல் உங்களைப் பட்டினி போட்டுவிட்டேனோ என்று நடுங்குகிறேன். தயவுசெய்து வரும் ஞாயிறே அப்பம் பிட்குங்கள்.

தங்கள் பதிலுக்கு ஏங்கும்,
சா. வீரசிங்கம்


மேற்பிரிவு, கலஹா,
21.1.1974

அன்பான ஐயா அவர்களுக்கு,

உங்கள் எழுத்து எப்போது தெளிவில்லாமல் இருந்தது? பிழை கடிதத்தில் இல்லை. ஜன்னலோரம் குடை தெரிந்தது. உள்ளே கூப்பிட்டால் கண்டியில் உங்களுக்குச் சங்கடம் என்று பேசாமல் இருந்தோம். ஆனால் நீங்கள் நனைந்தது எல்லோருக்கும் மனவருத்தம்.

நீங்கள் எழுதியதை நேற்றுச் சபையில் சொன்னேன். எங்களுக்கு அது விளங்கவில்லை, ஐயா. கண்டியில் ஒரு மேசை, கலஹாவில் ஒரு மேசை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஆண்டவருடைய மேசை ஒன்றுதான், அதன் ஓர் ஓரம் கண்டியில் இருக்கிறது, இன்னோர் ஓரம் இங்கே இருக்கிறது என்றுதான் கண்டியிலிருந்து வந்த பிரசங்கிமார் எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள். அந்த ஓரத்திலிருந்து எழுந்திருக்கச் சொல்லிவிட்டீர்கள். இந்த ஓரத்தில் நாங்கள் எப்படி உட்காருவது?

கோபத்தில் செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். மேசை ரொட்டிக்காக ஒவ்வொரு வீட்டிலும் கூப்பனுக்குக் கிடைக்கிற மாவில் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்தால் என்ன என்ற பேச்சும் வந்தது. “மேசைக்குன்னு வச்சத நாம திரும்ப எடுக்கக் கூடாது. அவரு பசிச்சவனுக்குக் குடுத்துக்கிருவாரு” என்று வடிவம்மா சொல்லிவிட்டார். அதனால் சபைக்கு வெளியே, லயத்தில் முடியாத வீடு எதுவோ அங்கே போகிறது.

நான் சொன்னதைத் திரும்ப எடுக்க என்னால் முடியவில்லை. வேறு மேசை போடவும் முடியவில்லை. இரண்டும் முடியாததால் உட்கார்ந்திருக்கிறோம். அது தப்பு என்றால் எழுதுங்கள்.

என்றும் அன்பு மாறாத,
வே. சின்னமுத்து


கண்டி,
28.1.1974

என் சகோதரனே,

உங்கள் கடிதத்தைத் தியாகராஜா ஐயாவிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார். “இது அவையின்ரை பிடிவாதம். கடிதக் கோவையிலை போடுங்கோ” என்றார். போட்டேன். அவருக்கு எதிராக நான் ஒருநாளும் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்றுக் காலை அதைக் கோவையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது. அப்பம் பிட்குமுன் மற்றச் சபைகளின் கடிதங்களை எழுத்தன் எழுந்து வாசிப்பது வழக்கமல்லவா? மாத்தளையிலிருந்து ஒன்றும் பதுளையிலிருந்து ஒன்றும் வந்திருந்தன, வாசித்தேன். அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். “கலஹாவிலிருந்து” என்று தொடங்கிவிட்டேன். குரல் எழும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ “கேக்கேல்லை” என்றார்கள். ஆகையால் முதலிலிருந்து உரத்து வாசிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன், ஜன்னல் வழியாக நான் கண்டதையும் சொன்னேன். தியாகராஜா ஐயா என்னைத் தடுக்கவில்லை. ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

நான் உட்கார்ந்ததும் அவர் எழுந்து, ஸ்தோத்திரம் சொல்லி, அப்பத்தை இரண்டாகப் பிட்டு, தட்டை நீட்டினார். வாங்கின் ஓரத்தில் இருப்பவன் நான். முதலில் என்னிடந்தான் வரும். கை எழவில்லை, வாத்தியார். எதிர்ப்பென்று நினைத்துச் செய்யவில்லை. அப்படியே பக்கத்தில் கொடுத்தேன். அடுத்திருந்த சகோதரர் பெரியதம்பி ஒரு துண்டு எடுத்தார். எடுத்ததை வாயில் வைக்காமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். பிறகு நான் தலையைத் தூக்கவில்லை. தட்டுக் கைமாறும் சத்தம் மட்டும் வாங்கு வாங்காகப் பின்னால் போயிற்று. பெண்கள் பக்கம் சுற்றித் திரும்பி வந்தது. பார்த்தேன். பெரியதம்பி எடுத்த மூலையைத் தவிர அப்பம் அப்படியே இருந்தது.

 யாரோ ஒருவர் உள்ளே வந்து நிற்பதுபோல் இருந்தது.  தியாகராஜா ஐயா தட்டைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். அவரும் அதுவரை உண்ணவில்லை. பரிமாறுகிறவர் கடைசியில்தானே எடுப்பார். பிறகு துணியை எடுத்து மூடினார்.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். எழுத்தன் பொறுப்பை எடுத்துவிடுவார் என்று, சபை அலுமாரியின் திறப்புச் சாவியை ஒப்படைக்கத் தயாராகக் கையில் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

“கலஹாவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“அவர் சொன்னது பிழை. பிழை பிழைதான். அதை நேரிலை கதைப்பன்” என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, “கதைச்சு முடியிறவரைக்கும் எங்கையாவது இருக்கத்தானே வேணும்” என்றார்.

ஆகவே வரும் ஞாயிறு இருவரும் வருகிறோம். தர்க்கம் கடுமையாக இருக்கும். உங்கள் பதில்களை ஆயத்தப்படுத்தி வையுங்கள். நானும் அவர் பக்கந்தான் பேசுவேன் என்று நினைக்கிறேன், நிச்சயமில்லை. தயவுசெய்து எங்களை முன்வாங்கில் உட்காரச் சொல்லாதீர்கள். பின்னால் உங்களோடு கொஞ்சம் நெருங்கி இடம் கொடுக்க முடியுமா? எனக்கு அதிகம் வேண்டாம். தியாகராஜா ஐயா சற்றுப் பருத்தவர்.

உங்கள் சகோதரன்,
வீரசிங்கம்