அம்மாவுக்கு வெயில் படும் அறை

டேய் மகாராசா,

அம்மாவை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

தொண்டையில் போட்டிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்த பிறகும் ஏன் தேறவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். "வைட்டமின் டி அடிமட்டத்துல இருக்கு. நுரையீரல் கெட்டவங்களுக்கு அதனாலயும் தேறுறது தாமதமாகலாம். வீட்டுல வெயிலே படாதா?" என்றார். வெயில் விழும் ஒரே பால்கனி அறையைத் திரைபோட்டு மூடி, மகன் கம்ப்யூட்டர் வளர்க்கிறான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் மேசையைச் சாமான் அறைக்குத் தள்ளிவிட்டு, அம்மா கட்டிலை அந்தப் பால்கனி அறையில் போட்டுவிட்டேன். ஒற்றை ஆளாக! யானை பார்த்திருந்தால் வேலையை விட்டிருக்கும். திரையைக் கிழித்துத் தரை துடைத்தேன். பரமானந்தமாக இருந்தது.

வெளியே போனால் சாவியைச் செருப்பு அலமாரி மேல் வை.

பி.கு.: அறையை நீயாகவே விட்டுக்கொடுத்தாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சந்தோஷத்தில் அழுதாள். வாயைத் திறந்து கெடுத்துவிடாதே.