முன் மேடைக்குப் போகமாட்டேன்

அன்பு மகன் மசாத்தோவுக்கு அம்மா கசுயோ எழுதுவது.

இங்கே இபராக்கி மலைப்பக்கம் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, மத்தியானம் வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது, நானும் அப்படித்தான், விடியும்போது கொஞ்சம் விறைப்பு, பத்து மணிக்கு மேல் ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகள் கனாயேயும் பேத்தி ரின்னும் அந்த வான்கூவர் மழையில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் இடுப்பும் சுகம். நீ அதைத்தான் முதலில் கேட்பாய் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் 'அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா' என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் நீயே படிக்க வேண்டும், கனாயேயிடம் கொடுத்துச் சுருக்கமாகச் சொல்லச் சொல்லாதே.

ஆகஸ்ட் மாதம் அப்பாவின் திதிக்கு நீ போன் செய்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. வருகிற மார்ச்சோடு கோல்ஃப் மைதானத்தில் எங்களைப் போலப் பை தூக்குகிறவர்கள் யாருக்கும் வேலை கிடையாது, இனி ஆட வருகிறவர்கள் தாங்களே சின்ன வண்டி ஓட்டிக்கொண்டு போவார்கள், தூரத்தை வண்டித் திரையே சொல்லிவிடும் என்று நான் சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு பேசினாய், ஆனால் எனக்குத் தெரியாதா. மாடி அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு, தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்றாய். நவம்பரில் பை தூக்குகிற எங்களுக்குள்ளே ஆடும் போட்டி இருக்கிறது, கடைசிப் போட்டி, அதற்குப் பழக வேண்டும் என்றேன். அப்போதுதான் நீ சிரித்தாய். 'ஏம்மா, முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்க பையைத் தூக்கின, உன்னால அந்த ஏழாம் குழிப் பள்ளத்தை ஒரு தடவை தாண்ட முடியுமா? அதுவும் ஆம்பளைங்க அடிக்கிற இடத்துலேர்ந்து? தாண்டிட்டா இனிமே கூப்பிடவே மாட்டேன்' என்றாய். தாண்டாவிட்டால் ஒரே பெட்டியோடு வந்துவிடுகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு கோபத்தில், பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினேன்.

உனக்குப் பள்ளம் நினைவிருக்கும், பள்ளிக்கூட நாளில் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை ஒரு தடவை அங்கே கொண்டுவந்து கொடுத்தாய். ஆண்களுக்கான வெள்ளைக் குறியில் நின்று அடித்தால் பந்து நூற்று நாற்பது கெஜம் ஆகாயத்திலேயே போக வேண்டும், குறைந்தால் கீழே மூங்கில் புதரில் போய்ச் சேரும். பெண்களுக்கென்று சிவப்புக் குறி இடது மேட்டில் தனியாக இருக்கிறது, அங்கிருந்து பள்ளமே குறுக்கே வராது. நான் பயிற்சிக் கூடத்தில் போய் நீளமான மட்டையால் அடித்துப் பார்த்தேன், நல்ல அடி என்று நினைத்தது நூற்றுப் பதினெட்டு. இருபத்திரண்டு கெஜத்துக்கு எங்கே போவது என்று ஹட்சுமி அக்காவிடம் கேட்டேன். அவள் என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், அறுபத்தாறு வயது, வாய் மட்டும் இருபது. அவளுடைய பேரிக்காய்த் தோட்டத்துக் கொட்டகையில்தான் பழகினேன், வீட்டு வாசலில் ஆடினால் பக்கத்து வீட்டுக்காரர் உனக்குப் போன் போட்டுவிடுவார்.

என்ன பழகினேன் என்று கேள், எல்லாம் இத்தனை வருடம் ஆட வருகிறவர்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கியதுதான். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து வீசுவது, அப்போது விஷ்ஷென்று ஒரு சத்தம் வரும், அது வலது தோளுக்கு மேலே வந்தால் பலம் முன்னாலேயே செலவாகிவிட்டது என்று அர்த்தம், பந்து இருக்கும் இடத்தைத் தாண்டி வந்தால்தான் சரி. கால் இரண்டையும் சேர்த்து வைத்து, மட்டை மேலே போகும்போதே இடது காலை முன்னே எடுத்து வைத்து அடிப்பது. மூங்கில் விளக்குமாற்றைக் காலையில் ஐம்பது தடவை வீசுவது, அது காற்றை இழுத்துக்கொண்டு வரும், கை மட்டும் வீசினால் நகராது, இடுப்பு திரும்பினால்தான் வரும். பிறகு டயர். ஹட்சுமி அக்காவின் தோட்டத்துச் சின்ன லாரியின் பழைய டயரைத் தரையில் போட்டுப் பழைய மட்டையால் அடிப்பது. அடித்த பிறகும் உடம்பு நிற்காமல் போனால் டயர் ஒரு சாண் நகரும், நின்றுவிட்டால் மணிக்கட்டில் இடி மாதிரி விழும். எனக்கு இடிதான் விழுந்தது. விளக்குமாறு நன்றாக வந்தது, கால் எடுத்து வைப்பதும் வந்தது, டயர் மட்டும் ஒரு மாதமாக விரல் அளவு கூட நகரவில்லை. மணிக்கட்டு வீங்கி, சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கக் கஷ்டமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், இப்போது வீக்கம் இல்லை.

ஒரு நாள் அக்கா பேரிக்காய் உரித்துத் தின்றுகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'ஏண்டி கசுயோ, டயர் மேல மட்டை படற நேரத்துல நீ மூச்சே விடறதில்லையே, உனக்குத் தெரியுமா?' என்றாள். எனக்குத் தெரியவில்லை. மறுபடி அடிக்கச் சொன்னாள், அடித்தேன், உண்மைதான். மசாத்தோ, எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமா, ஆடுகிறவர் மட்டையைத் தூக்கியதும் நாங்கள் சிலையாக நிற்க வேண்டும், நிழல் பந்தின் மேல் விழக் கூடாது, கொசு கடித்தாலும் கை போகக் கூடாது, மூச்சு கூடக் கேட்கக் கூடாது. முப்பத்தோரு வருடம், ஒரு நாளைக்கு நாலு பேர், ஆளுக்கு நூறு அடி. அத்தனை தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற உடம்பு, நானே அடித்தாலும் நின்றுவிடுகிறது. 'நீயே அடிக்கிற, நீயே உனக்குப் பை தூக்கிக்கிட்டு ஓரமா நிக்கிற, அப்புறம் டயர் எப்படிடி நகரும்?' என்றாள் அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. மணிக்கட்டு வலிக்கு வராத அழுகை அதற்கு வந்தது.

அதற்கு வைத்தியம் கத்துவதுதான் என்றாள். மட்டை கீழே வரும்போது வாய் விட்டுக் கத்தினால் மூச்சு தானாக வெளியே போகும், உடம்பு நிற்காது. என்ன கத்துவது என்று கேட்டேன். 'உன் பையன்கிட்ட என்ன சொல்லணும்னு தொண்டையில நிக்குதோ அதைக் கத்து' என்றாள். யோசிக்கவே இல்லை, 'மாட்டேன்' என்று கத்தினேன். மட்டையைத் தூக்கும்போது மா, இறங்கும்போது ட்டேன். முதல் தடவை வெட்கமாக இருந்தது, மூன்றாம் தடவை டயர் நகர்ந்தது, நாலு விரல் அளவு. அக்டோபர் கடைசியில் பயிற்சிக் கூடத்தில் நூற்று நாற்பது கெஜம் என்று எழுதிய பலகையை என் பந்து இரண்டு தடவை தொட்டது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் பயந்துபோய் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை, மைதானத்துக்கு விடுமுறை நாள், எங்கள் போட்டி. பன்னிரண்டு பேர், இனிமேல் இந்தப் பன்னிரண்டு பேரும் ஒன்றாக நிற்கப்போவதில்லை என்பதால் குழு குழுவாகப் பிரியாமல் எல்லாரும் ஒன்றாகவே நடந்தோம். ஏழாம் குழியில் நான் நேராக வெள்ளைக் குறிக்குப் போனேன். துணை மேலாளர் குரிமோத்தோ வண்டியில் உட்கார்ந்தபடியே 'கசுயோம்மா, சிவப்பு அந்தப் பக்கம் இருக்கு' என்றார். முப்பத்தோரு வருடமாக அதை நான் மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியும் என்றேன். பந்தை வைத்தேன், மட்டையைத் தூக்கினேன். அந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பதினோரு பேரும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிட்டார்கள், மசாத்தோ. அந்த அமைதி காதில் விழுந்ததும் என் உடம்பும் அவர்களோடு சேர்ந்து நின்றுவிட்டது. மாட்டேன் என்ற வார்த்தை பாதித் தொண்டையிலேயே இருந்தது. பந்து பள்ளத்தில் விழுந்தது, மூங்கிலில் படும் சத்தம் கூடக் கேட்டது.

உன்னிடம் மறைக்கவில்லை, முதல் பந்து பள்ளத்தில்தான்.

குரிமோத்தோ கெட்டவர் இல்லை. பழக்கப்படி, 'முன் மேடைக்கு வந்துடுங்கம்மா, நாலாவது அடியா வச்சுக்கலாம், நேரம் ஆகுது' என்றார். பள்ளத்தில் பந்தை விட்டவர்களுக்காக அக்கரையில் மஞ்சள் கம்பம் நட்டு ஒரு மேடை போட்டிருக்கிறோமே, அதுதான், இரண்டு அடியைக் கூடுதலாகக் கணக்கில் வைத்துவிட்டு அங்கிருந்து ஆடலாம். அங்கே போய் நின்றால் பள்ளம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், யாருக்கும் தாமதம் இல்லை. அதே வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் குனிந்து சொல்லியிருப்பேன். பழகின கால்கள் இரண்டடி நடந்தும்விட்டன. பிறகு நின்றேன். வரமாட்டேன் என்றேன். 'அதானேம்மா நம்ம வழக்கம்' என்றார். 'அது வழக்கம், நின்ன இடத்துலேயே மறுபடி அடிக்கலாம்ங்கறது விதி. இன்னிக்கு நான் யார் பையையும் தூக்கல, நான் ஆடறேன்' என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ வண்டியை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஹட்சுமி அக்கா திரும்பி நின்று எல்லாரையும் திட்டினாள். 'எவளாவது மூச்சைப் பிடிச்சா பாருங்க! பேசுங்கடி, இருமுங்க, மாமியாரைத் திட்டுங்க!' என்றாள். பதினோரு பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், ஒருத்தி முள்ளங்கி ஊறுகாய் போடுவது எப்படி என்று கத்தினாள், ஒருத்தி தும்மினாள். அந்த மைதானத்தில் அப்படி ஒரு இரைச்சலை நான் கேட்டதே இல்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் நான் இரண்டாவது பந்தை வைத்து, இடது காலை எடுத்து வைத்து, மாட்டேன் என்று கத்தி அடித்தேன். மலையில் பட்டு அந்தக் கத்தல் எனக்கே திரும்பி வந்தது. பந்து பள்ளத்துக்கு மேலே ரொம்ப நேரம் போய்க்கொண்டே இருந்தது, அக்கரை விளிம்பில் விழுந்து, ஒரு குதி குதித்து, மஞ்சள் கம்பத்தைத் தாண்டிப் புல்லில் நின்றது. குரிமோத்தோவும் கை தட்டினார். அந்தக் குழியை ஒன்பது அடியில் முடித்தேன், போட்டியில் கடைசிக்கு முந்தின இடம், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மகனே, உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் கஷ்டம்தான், ரின்னின் குரலைக் கேட்ட நாளில் இரவுச் சாப்பாடு இறங்காது. அப்பா விழுந்தபோது நீ இங்கே இல்லை என்பது உன்னை அரிக்கிறது என்றும் தெரியும், நீ இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அதை விட்டுவிடு. ஆனால் அந்த மாடி அறை எனக்கு முன் மேடை மாதிரி இருக்கிறது. நல்ல மனதோடு போட்டது, வசதியானது, யாருக்கும் தாமதம் வராது, அங்கே போய் நின்றால் நான் தாண்ட வேண்டியதெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மார்ச்சுக்குப் பிறகு என்ன செய்வேன் என்றால், அக்காவின் தோட்டத்தில் பேரி மரங்களுக்குக் கிளை கட்டுவேன், சாயங்காலம் டயர் அடிப்பேன், கால் தடுக்கி விழுந்தால் எழுந்திருப்பேன். கோடையில் உன் வீட்டுக்கு ஒரு மாதம் விருந்தாளியாக வருகிறேன், திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருவேன். கொல்லையில் ஒரு பழைய டயர் போட இடம் பார்த்து வை.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வயிறார உண்டு, சிரித்துக்கொண்டு நூறு வருடம் இருக்க வேண்டும், இது அம்மாவின் ஆசீர்வாதம். இந்தப் பொட்டலத்தில் காய்ந்த சர்க்கரைவள்ளித் துண்டுகள் கனாயேவுக்கு, பள்ளம் தாண்டின பந்து ரின்னுக்கு, அதைக் கழுவ வேண்டாம் என்று சொல், மண் இருக்கட்டும். மறக்காமல் மழையில் குடை எடுத்துப் போ. முதல் பந்துதான் கணக்கு என்று நீ வாதாடுவாய், உன்னை எனக்குத் தெரியும், வாதாடு. அது இன்னும் ஏழாம் குழிப் பள்ளத்தில் மூங்கிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. நான் தோற்றேன் என்று சொல்ல வேண்டுமானால் நீயே இங்கே வந்து, பள்ளத்தில் இறங்கித் தேடி எடுத்துக்கொண்டு வந்து சொல்.

இப்படிக்கு,
வெள்ளைக் குறியில் நிற்கும் உன் அம்மா,
கசுயோ