மழையில் கத்தும் பம்பர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஓட்டலின் பின்வாசலில் பிக்கப்பை ரிவர்ஸ் எடுத்தால் பார்க்கிங் சென்சார் விடாமல் கத்துகிறது. பின்னால் ஆள் இல்லை, சுவர் இல்லை, ஒரு பூனைகூட இல்லை. முப்பது சென்டிமீட்டரில் ஏதோ நிற்கிறதென்று திரை சத்தியம் செய்கிறது. மூன்று முறை இறங்கிப் பார்த்தேன். நனைந்ததுதான் மிச்சம். சலவைக்கடையிலிருந்து ஏற்றிப்போன நூற்றிருபது படுக்கை விரிப்பும் மொடமொடவென்று இருந்தன. என்னைத்தான் பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது.

ஜூன் 4, புதன்

மழை வந்தது, கத்தியது. வெயில் வந்தது, வாயை மூடிக்கொண்டது. இது என்ன பிறவி?

ஜூன் 6, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சாரத்திலிருந்து விழுந்து வலது கை உடைந்து, நான்கு மாதமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெயின்டருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. குடையோடு வந்து, பம்பரில் இருக்கும் நான்கு சென்சாரையும் என் நல்ல துண்டால் துடைத்தார். ஒரு நிமிடம் அமைதி. மறுபடி கத்தல்.

"துடைச்சா நிக்குது, நனைஞ்சா கத்துது. அப்போ ஈரம்தான் காரணம்."

மழையில் நின்றுகொண்டு கண்டுபிடித்திருக்கிறார்!

பிறகு என் ஹேர் டிரையர் வந்தது. எதிர்வீட்டுக்காரர், "வண்டிக்குச் சளியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியாக, ஈரம் படாமலிருக்க ஒவ்வொரு சென்சார் மேலும் பிளாஸ்டிக் பையை வெட்டி ஒட்டினார். அதுவரை மழைக்கு மட்டும் கத்தியது. ஒட்டிய பிறகு வெயிலுக்கும் கத்தியது. எல்லாவற்றையும் நானே பிய்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

மெக்கானிக் தம்பி பம்பரைத் தடவிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான்.

"அக்கா, இதுக்கு யாரு பெயின்ட் அடிச்சது?"

"ஏன்?"

"சென்சார் மேலயே அடிச்சிருக்காங்க. அதுவும் இவ்வளவு தடிமனா. சுத்தி இருக்கிற சந்தும் அடைஞ்சு போச்சு. காஞ்சிருந்தா எப்படியோ சமாளிக்குது. தண்ணி தேங்கினா எதிர்ல ஆள் நிக்குதுன்னு நினைச்சுக்குது."

போன மாதம் சென்சார் கத்தியதைக் கேட்காமல் பம்பரைச் சுவரில் கொண்டு இடித்தது நான். "இனிமே பிரஷ்ஷைத் தொட மாட்டேன், இந்தக் கை போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் அந்தக் கீறலைப் பார்த்துத்தான் பொறுக்க முடியாமல் எழுந்தார். தேய்த்து, பிரைமர் கொடுத்து, மூன்று கோட்டிங் அடித்தார். முடித்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கல்லவா தெரியும். இப்போது போய், அதிலும் தப்பு என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் மறுபடி ஜன்னலோரம்தான்.

"எலி ஒயரைக் கடிச்சிருச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு தம்பி."

"அக்கா, நான் தொழில் பண்றவன்."

"நான் மட்டும் என்ன, பொழுதுபோக்குக்கா வண்டி ஓட்டறேன்?"

ஒத்துக்கொண்டான்.

ஜூன் 10, செவ்வாய்

வண்டியில் எலிப்பொறி, வீட்டுக்காரர் உபயம். இருக்கைக்கு அடியில் பாச்சை உருண்டை, ஒரு பாக்கெட் முழுக்க.

ஜூன் 12, வியாழன்

ஓட்டல் மேனேஜரம்மா கூப்பிட்டார். "பெட்ஷீட்டெல்லாம் பழைய பீரோ மாதிரி நாறுது. ரூமை மாத்திக் குடுன்னு ரெண்டு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க."

அத்தனையையும் திரும்ப ஏற்றி வந்து துவைத்தோம். பொறியில் என் துப்பட்டா மாட்டியது. எலியைத் தவிர எல்லாம் மாட்டுகிறது. பொய் சொன்னதற்கு இது போதாதா?

ஜூன் 13, வெள்ளி

போதவில்லை போலிருக்கிறது. மழை. கத்தல். வீட்டுக்காரர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். அரைமணி நேரம் கழித்து முழுச் சேற்றோடு வெளியே வந்தார்.

"ஒயர்ல ஒரு பல்லு கூடப் படலையே! உன் மெக்கானிக் ஏமாத்திட்டான். இப்பவே போறேன்."

"வேணாங்க, மழை—"

போயே போய்விட்டார். நான் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவே இல்லை. பாவி!

ஒரு மணி நேரத்தில் திரும்பினார். காலைக் கழுவினார். சாப்பிட்டார். படுத்துவிட்டார்.

ஜூன் 14, சனி

எலிப்பொறி பரணுக்குப் போய்விட்டது. தம்பி உண்மையைச் சொல்லிவிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் எதையோ சுரண்டும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பம்பரின் உள்பக்கம் கைவிட்டு நான்கு சென்சாரையும் கழற்றிப் பலகையில் வரிசையாக வைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தகட்டால் பதமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என் வேலையில குறை இருந்தா என்கிட்ட சொல்றதுக்கு நடுவுல எலி எதுக்கு?"

"திரும்ப பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க."

அவர் கை நின்றது.

"முப்பது வருஷமா பெயின்ட் அடிக்கிறேன். எத்தனை பேர் திரும்ப அடிக்கச் சொல்லியிருப்பாங்க! அதுக்கெல்லாம் தூக்கிப் போட்டிருந்தா? குறை சொன்னா சரி பண்ணலாம். நீ என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டா நான் எதைச் சரி பண்றது?"

அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் துண்டை நீட்டினார். அதில் முழுக்க பெயின்ட் தூள்.

சென்சார்களை மாட்டிவிட்டுக் குழாயைத் திறந்து பம்பர் மேல் பீய்ச்சினார். நான் ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. "மூணு கோட்டிங். ஒரு பிரஷ் கோடு தெரியுதா பாரு" என்று என்னைக் குனிய வைத்துக் காட்டினார். தெரியவில்லைதான்.

ஜூன் 18, புதன்

மெக்கானிக் தம்பி வந்தான், தலையைச் சொறிந்துகொண்டு. அன்றைக்கு மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கவே நேரம் கிடைக்கவில்லையாம். பம்பரைச் சுற்றிச் சுற்றி வந்தான். புதுசாகக் கட்டிய வீட்டில் இரண்டு அறை பெயின்ட் அடிக்காமல் கிடக்கிறதாம். "மச்சான் வருவாரா அக்கா?" என்று என்னைக் கேட்டான்.

"அவர்கிட்ட கேளு. நான் எதையும் சொல்றதா இல்லை."

ஜூன் 23, திங்கள்

நல்ல மழை. ஓட்டலுக்கு இரண்டு நடை. வண்டி வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் ஏழு மணிக்குத்தான் வந்தார், முடியெல்லாம் வெள்ளைத் தூள். தட்டின் முன் உட்கார்ந்ததிலிருந்து மெக்கானிக்கின் மனைவி தேர்ந்தெடுத்த நிறத்தைத் திட்டிக்கொண்டே இருந்தார். படுக்கையறைக்கு யாராவது மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் ஒன்றை அடிப்பார்களா? சொல்லியும் கேட்கவில்லையாம். நாளைக்கு இரண்டாவது கோட்டிங்காம்.

"கை வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"பயங்கரமா வலிக்குது" என்றார், பரிசு வாங்கிய மாதிரி. இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.