பாஸ்கரின் சம்மட்டி

2024 ஜூலை 14, ஞாயிறு

வீட்டுக்காரர் பனியனில் ஏறிய கரி எத்தனை துவைத்தாலும் இறங்குவதில்லை. இன்றைக்கும் ஊறவைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாரம் முழுக்க ஸ்ரீசிட்டி கம்பெனியில் பட்டனை அழுத்தி மிஷின் ஓட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டுத்தோல் துருத்தியும் கரி அடுப்பும் வேண்டும். எங்கள் புத்தூரிலிருந்து போனால், வடமாலபேட்டை தாண்டி யாமினி குத்தகைக்கு எடுத்திருக்கும் மாந்தோப்பில் வகுப்பு. யாமினி திருப்பதிப் பெண், தொல்லியல் படித்தவள். அந்தக் காலத்தில் கல்லிலிருந்து இரும்பை எப்படி எடுத்தார்களோ, எப்படி அடித்தார்களோ, அப்படியே நாமும் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பாள். கேட்டுக்குள் நுழைந்தால் போன், கடிகாரம், கரண்டு எதுவும் கிடையாது. ஆண்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள்கூட வருகிறார்கள். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. சோறு கொண்டுபோகிற சாக்கில் நானும் போக ஆரம்பித்து ரெண்டு வருடமாகிவிட்டது.

இன்று ஒரு கொக்கி அடித்தார். சுத்தியல் அடிக்கடி இரும்பை விட்டு அடியிலிருந்த பட்டடைக் கல்லில் விழுந்தது. "கைப்பிடி லூசா கீது" என்றார்.

அவர் கை கழுவப் போனபோது எடுத்து ஆட்டிப் பார்த்தேன். லூசாக இல்லை.

ஜூலை 26

சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. போட்டுவிடட்டுமா என்று கேட்டால் கோபம்.

ஆகஸ்ட் 3, சனி

திருப்பதி. நரம்பு டாக்டர். இவரை நடக்கச் சொன்னார், விரலோடு விரல் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். பெரிதாக ஆரம்பித்த எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசி வார்த்தை எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

"வணுகுடு ரோகம்" என்றார். பார்க்கின்சன்ஸ். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும், தீராது, மெல்ல மெல்லக் கூடும். தெலுங்கில் பொறுமையாகத்தான் சொன்னார். நல்ல டாக்டர்.

இவர் கேட்ட ஒரே கேள்வி, சம்மட்டி தூக்கலாமா என்பது. "சம்மெட்ட எத்தொச்சா சார்?"

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன வேலை என்று கேட்டார். ஃபிட்டர் என்றார் இவர். ஃபிட்டருக்குச் சம்மட்டி எதற்கு? இவர் எழுந்துவிட்டார். நான் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை இவர் வேறு ஆளாக இருப்பார் என்று?

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மடியிலும் அது ஆடிக்கொண்டே வந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தோப்புக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றும் போகவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து எதையும் பார்க்கவில்லை. மகள் பிரித்திகா ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். "நைனாவ அப்டியே வுட்டா இன்னும் மோசமாப்பூடும்மா. எதுலனா இஸ்து வுடு" என்று அழுதாள். பரீட்சை நேரம் அவளுக்கு.

போனை வைத்ததும் யாமினிக்கு அடித்தேன். என் பெயரைச் சேர்த்துக்கொள் என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ரண்டி அக்கா" என்றாள், வாங்க என்று.

இவரிடம் சொன்னேன்.

"நீயா? ஜாக்கெட் தெக்கறவளுக்கு இரும்பு இன்னாத்துக்கு?"

"நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன். கை என்னுது, வேல உங்குளுது."

டிவியை அணைத்தார். அப்புறம் "தோள்பட்ட நோவும்" என்றார். சரி என்பதை இவர் அப்படித்தான் சொல்வார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தோள்பட்டை மட்டுமா நோகிறது!

ஆனால் இன்றைக்கு எழுத வேண்டும், மறக்கக் கூடாது. அவர் பட்டடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கொறட்டில் கம்பியைப் பிடித்து உலையில் வைத்தேன். "இரு... இரு... செவப்புல எடுக்காத. ஆரஞ்சுப் பழத் தோல் மாரி வரட்டும். இப்போ!" எடுத்தேன். "நுனியில அடி. திருப்பு. ஆங்." அவர் குரலும் என் கையும் ஒரே தாளத்தில் போயின. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இப்படி ஒன்றாக ஒரு வேலையும் செய்ததில்லை.

கோணல்மாணலாக ஒரு கொக்கி வந்தது. "நம்ம கொக்கி" என்றார். சமையலறையில் மாட்டி, கரண்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

வரும்போது ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து, பிச்சாட்டூர் ஏரியில் சின்ன வயதில் நீந்திய கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று நான் அடித்த கத்தியை யாமினி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு இது தானா வருது. சொல்லிக் குடுத்து வர்ற விஷயம் இல்ல" என்றாள். எல்லோரும் வந்து பார்த்தார்கள். சந்தோஷத்தில் இவர் பக்கம் திரும்பினேன். நாற்காலி காலி. குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னார்:

"இன்னிக்கி நான் சொல்றதுக்கு மின்னாடியே திருப்பிட்ட."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், திருப்பிவிட்டேன். அவர் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அடுத்த தபா கேட்டுக்கினு திருப்பறேன்" என்றேன்.

"வேணாம். இரும்பு ஆறிப்பூடும்."

டிசம்பர் 1, ஞாயிறு

மழை விட்டபிறகு பெரிய உலை கட்ட ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை செய்ததெல்லாம் கடையில் வாங்கிய இரும்பு. இனிக் கல்லிலிருந்தே எடுக்கப் போகிறோம். களிமண், மணல், வைக்கோல் மிதித்துக் குழைத்து, நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண்கூடு. அதற்குள் கரியும் இடித்த கல்லும் மாற்றி மாற்றிப் போட்டு, பகல் முழுக்கத் துருத்தி ஊதினால் அடியில் பஞ்சு மாதிரி ஓர் இரும்புக் கட்டி உருவாகுமாம். அதைச் சூட்டோடு வெளியே எடுத்து அடித்து இறுக்க வேண்டும்.

இவருக்கு உயிர் வந்துவிட்டது. மண்ணைக் காலால் மிதித்தார். கால் நன்றாகத்தான் இருக்கிறது. "ரெண்டு வருசமா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்" என்று வேணுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேணு சென்னையிலிருந்து வருகிற பையன். "மொத அடி உங்களுதுதான் பாஸ்கர் அண்ணா" என்று அவன் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

நான் இவர் கையைப் பார்த்தேன்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

எழுதணுமா? எழுதிடறேன்.

விடியும்போதே உலை பற்றவைத்தோம். முறை வைத்துத் துருத்தி ஊதினோம். மதியத்துக்கு மேல் அடித்துளையில் கசடு தேன் மாதிரி வழிந்தது. எல்லோரும் கத்தினார்கள். இவர் கண்ணில் தண்ணீர். பொழுது சாயும் நேரம் உலையின் முன்பக்கத்தை உடைத்து, நீளக் கொறட்டால் வேணுவும் இன்னொருவரும் கட்டியை இழுத்துக் கல்மேல் வைத்தார்கள். வெள்ளையாக எரிந்தது. பக்கத்தில் போக முடியவில்லை.

இவர் சம்மட்டியை எடுத்தார்.

முதலில் மெதுவாக, சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். அப்போதுதான் கசடு வெளியே வந்து இரும்பு ஒன்றோடொன்று ஒட்டும். சூடு இறங்குவதற்குள் தட்ட வேண்டும். இது இவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

யாமினி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். என்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது. இவர் கை அந்தக் கைப்பிடியில் ஆடுகிறது, இவர் முகம் — அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? சொல்லல. சொல்ல முடியல.

முதல் அடி கல்லில் விழுந்தது. நிதானிக்கப் பார்த்தார். கை நிற்கவில்லை. கட்டி வெள்ளையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு. ரெண்டாவது அடி ஓரத்தில் விழுந்து நழுவியது. அப்புறம் கோபத்தில் முழு பலத்தோடு ஓங்கி ஒன்று போட்டார். நடுவில் சரியாக விழுந்தது.

கட்டி பொரிகடலை உருண்டை மாதிரி உதிர்ந்துவிட்டது.

யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேணு "பரவால்ல அண்ணா, இன்னொரு தபா பண்ணலாம்" என்றான். யாமினி திரும்பி நின்று உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக்கணக்காக அத்தனை பேர் மிதித்த மண், இடித்த கல்.

சம்மட்டியைக் கீழே போடாமல் மெதுவாகச் சாய்த்து வைத்தார்.

புத்தூர் வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து கேட்டார்:

"நீ ஏன் தடுக்கல?"

"எப்டிங்க தடுப்பேன்?"

"உனுக்குத் தெரியும். கை நிக்காதுன்னு உனுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே அத்தினி பேரு மின்னாடி வுட்டுட்ட."

தடுத்திருந்தாலும் இதையேதானே சொல்லியிருப்பார்? அத்தினி பேரு மின்னாடி தடுத்துட்டியேன்னு? நான் இன்னாதான் பண்றது? எது பண்ணாலும் தப்புன்னா இன்னாதான் பண்றது?

சாப்பிடவில்லை. நானும்தான்.

ஜனவரி 20

மாத்திரை போட்டுக்கொண்டார். வேலைக்குப் போனார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கம்பெனியில் மிஷினிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டுவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். 'உக்காந்து பாக்கற வேல' என்று இவர் சொன்ன விதம்...

நான் தோப்புக்குப் போகவில்லை என்றேன். "போ" என்றார். நீங்களும் வாங்க என்றேன். "போன்னு சொல்றன்ல." போனேன். நாற்காலியை யாரோ எடுத்து மாமரத்தடியில் போட்டிருந்தார்கள். அதில் துருத்தித் தோல் காய்ந்துகொண்டிருந்தது.

மார்ச் 16, ஞாயிறு, சித்தூர்

பள்ளி மைதானத்தில் யாமினி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. பழங்காலத்து ஆட்களாகவே உடுத்தி, ஜனங்கள் முன்னால் உலை வைத்து இரும்பு எடுத்துக் காட்டுவது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். ஒரு பெரியம்மா வந்து "நெஜமாவே இப்டித்தான் இருந்தாங்களா?" என்று என் கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ப்பு ஏறிய கை. எனக்கே அது யார் கையோ என்று இருந்தது.

கட்டி நன்றாக இறங்கியது. யாமினி சம்மட்டியை என்னிடம் நீட்டினாள். மெதுவாக, சுற்றிச் சுற்றி. ஒரு பக்கமும் உதிரவில்லை. அடிக்க அடிக்க இறுகியது, சத்தம் மாறியது. டொக் டொக்கென்று இருந்தது, கணீரென்று ஆனது. ஜனங்கள் கை தட்டினார்கள். சம்மட்டியைப் பிடித்துக்கொண்டே அழுதேன். சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உடை மாற்றிக்கொண்டதும் போன் பண்ணினேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சிங்க."

"ஒடையலியே?"

"இல்ல."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"துன்னியா?" என்றார்.

ஜூன் 11

பாத்ரூமில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். நான் ம் என்றேன். தையல் மிஷினை ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. என் கண்ணுக்கு அவர் தெரிகிற மாதிரி.

ஆகஸ்ட் 24

பேச்சு இறங்கிக்கொண்டே போகிறது. பிரித்திகா போனில் "நைனா, கேக்கல, சத்தமா பேசு" என்கிறாள். அவர் கத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 2, ஞாயிறு

புது ஆட்களுக்கு இன்று முதல் வகுப்பு. தொடக்கப் பாடத்தை நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யாமினி பிடிவாதம்.

காலையில் பொத்தான் போட்டுவிடும்போது "நானும் வரேன்" என்றார். ஜனவரிக்கப்புறம் முதல் முறை. ஸ்கூட்டரில் உட்காரவைக்கப் பயமாக இருந்தது. ஆட்டோ சொன்னேன்.

யாமினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நிழலில் உட்காரவைத்துவிட்டு உலை பக்கம் போனேன். புதியவர்கள் சுற்றி நின்றார்கள். பெயரைச் சொன்னேன், புத்தூர் என்றேன், தையல் வேலை என்றேன். சத்யவேட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண், "நீங்க எப்டி ஆன்ட்டி இதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரர் பண்ணிக்கினு இருந்தாரு" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "சாரி ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று அப்புறம்தான் உறைத்தது. அய்யோ இல்லம்மா, அதோ அங்க உக்காந்துகினு கீறாரே என்று கை காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஆடியது. இப்போதெல்லாம் எப்போதும் ஆடுகிறது.

வகுப்பு நடத்தினேன். எப்படி நடத்தினேன் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் உதடு அசைந்தது. லாரிகள் போகிற ரோடு, ஒன்றும் கேட்கவில்லை. டிரைவரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இன்ஜினையும் அணைக்கச் சொன்னேன். அவர் வாயருகே காதை வைத்தேன்.

"சரியாத்தான் சொன்ன" என்றார். பாடத்தையா, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலையா?

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். போகலாம் என்றேன்.