படிக்குப் பன்னிரண்டு வோல்ட்

ஜூலை 5, சனி

ட்ரெயிலர் வந்து இறங்கியது. கப்பல்துறையில் இரும்பு ஒட்டுகிறவர் செய்து தந்தது. கீழே இரண்டு சில்லு, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம்; மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும்.

ஜெஸ்மின் சுற்றிவந்து பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பிரிட்ஜைப் படுக்கப்போட்டுச் சில்லுப் பூட்டினமாதிரியெல்லோ கிடக்கு."

இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் அவள் சொன்னது எதுவும் பிழையாய்ப் போனதில்லை. இதுவும்தான்.

"ஆகஸ்டில இதிலதான் மடுவுக்குப் போறம்" என்றேன்.

"நீங்க போங்கோ. அந்த இருட்டுக்க நான் இனிக் கால் வைக்கமாட்டன்."

மூன்று வருடத்துக்கு முன் மடுமாதா திருவிழாவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம். பொழுதுபட்டபின் குழாயடியிலிருந்து வந்தவள் யாரோ கட்டிய கூடாரக் கயிற்றில் தடுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மணிக்கட்டு பொருந்திவிட்டது, மற்றது பொருந்தவில்லை. இப்போதெல்லாம் இருட்டினால் கேற்றடிக்குக்கூட என் கையைப் பிடித்தபடிதான் வருவாள். இந்த வயதிலும் காதல் என்று எங்கள் அன்புவழிபுரத்தில் ஒரு கதை உலாவுகிறது. நான் மறுப்பதில்லை.

ஆனால் மடுவில் கூடாரங்களுக்கு நடுவே இருந்தால்தான் ஜெஸ்மின் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடம். இந்தத் தகரப்பெட்டியை வாங்கியதே அதற்குத்தான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்குச் சில்லுவைச்ச பிரிட்ஜ் வேண்டித் தந்தவர்" என்று கோயில் வாசலில் நின்று சொல்லுவாள்.

ஜூலை 7, திங்கள்

மடுக் காட்டுக்குள் வீட்டுக் கரண்ட் வராது. ஆகவே பன்னிரண்டு வோல்ட் பற்றரி, அதற்கேற்ற எல்ஈடி விளக்கு மூன்று, பியூஸ், வயர். எல்லாம் நஸ்ரியின் வாகனச் சாமான் கடையில்.

"வயர் இழுக்கத் தெரியுமா அண்ணன்?" என்றான்.

"எங்கட கோயில் பாலன்குடிலுக்கு வருசா வருசம் லைட் போடுறது ஆரெண்டு நினைச்ச?"

"தெரியும் அண்ணன். போன நத்தாருக்கு மாதாவும் சூசையப்பரும் இருட்டுக்குள்ள இருந்தாங்களாமே."

எங்கள் கிறிஸ்துமஸ் பாலன்குடில் சங்கதி நஸ்ரியின் காதுக்கு எப்படிப் போனது? எதிர்வீட்டு இன்பமலர்தான். என்னைவிட வேகமாகக் கதை கொண்டுபோகிறவர் இந்தப் பகுதியில் அவர் ஒருவர்தான். பொறாமை இல்லை. தொழில் மரியாதை.

ஜூலை 9

எரியவில்லை.

ஜூலை 10

இன்னும் எரியவில்லை. படுக்கைக்கு மேல் ஒன்று, அடுப்புப் பக்கம் ஒன்று, வாசற்படிக்கு ஒன்று. மூன்றும் ஒற்றுமையாக எரிய மறுக்கின்றன. பற்றரி நல்லது. சுவிட்ச் நல்லது. பிளஸ் மைனஸ் மாறவில்லை. அப்ப என்ன கோதாரிக்கு எரியுதில்ல?

ஜெஸ்மின் உடுப்புக் காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்ன, பாலன்குடில் மாதிரியே செய்திட்டியளோ?"

பகடிதான் விட்டாள். நான் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். ஓம், பாலன்குடில் மாதிரியேதான் செய்திருக்கிறேன்! குடிலில் குட்டி பல்ப்புகளை ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்துவிடுவோம். வீட்டுக் கரண்ட் பெரியது; அத்தனைக்கும் பங்குபோட்டாலும் போதும். இங்கே மொத்தமே பன்னிரண்டு வோல்ட். அதையும் மூன்று விளக்கைக் கோத்துப் பங்குபோட்டால் ஆளுக்கு நாலு. நாலு வோல்ட்டுக்கு நுளம்பு பூச்சிகூட எட்டிப் பாராது. ஒவ்வொரு விளக்குக்கும் பற்றரியிலிருந்து தனித்தனியாகச் சோடி வயர் போகவேண்டும்.

கண்டுபிடித்தது நானே என்றுதான் ஊரில் சொல்லப்போகிறேன்.

ஜூலை 12, சனி

எரிந்தது! மூன்றும்!

வாசற்படி விளக்கு முதலில் கண்ணுக்குள் அடித்தது. டின்பால் பேணியைப் பாதியாக வெட்டி மேலே தொப்பியாகக் கவிழ்த்தேன். இப்போது வெளிச்சம் படியிலும் முன்னால் தரையிலும் மட்டும் விழுகிறது. ஒரு கயிறு கிடந்தாலும் தெரியும், எறும்பு போனாலும் தெரியும்.

பொழுதுபட்டதும் ஜெஸ்மினைக் கூப்பிட்டேன். குசினி வாசலில் நின்றபடி பார்த்து, "நல்லாக் கிடக்கு" என்றாள். வரவில்லை. நடுவில் முற்றம் இருட்டு. போய்க் கையை நீட்டினேன்.

"வேண்டாம், கறி அடிப்பிடிச்சிடும்."

அடுப்பில் கறியே இல்லை.

சரி. விளக்கு விடியும்வரை நின்றெரியுமா என்று பார்க்க இன்று நான் ட்ரெயிலருக்குள்ளேயே படுக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பற்றரி தாங்கியது. முதுகு தாங்கவில்லை. காலையில் சாரத்தோடு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். எதிரே இன்பமலர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்லைக் காட்டினேன். அவர் காட்டவில்லை. பாவம் என்பதுபோல் பார்த்தார்.

ஜூலை 15, செவ்வாய்

பற்றரியை மறுபடி சார்ஜ் பண்ணாமல் எத்தனை இரவு ஓடும் என்று பார்க்க இன்னும் உள்ளேதான் படுக்கை. இன்று காலை ட்ரெயிலர் கதவில் தட்டல். இன்பமலர். கையில் இடியப்பம், சொதி, சம்பல்.

"சாப்பிடுங்கோ அண்ணன். கோவம் எண்டாலும் ஆம்பிளையைப் பட்டினி போடுறதே?"

அப்போதுதான் விளங்கியது. ஜெஸ்மின் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள் என்று தெரு முடிவெடுத்திருக்கிறது. மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் இடியப்பம் போய்விட்டது. என் குற்றமா? சொதி சுடச்சுட இருந்தது.

ஜூலை 16

இன்று அப்பம். நடுவில் முட்டை.

ஜூலை 17, வியாழன்

மாட்டினேன்.

கதை காதுக்கு எட்டி, பின்னேரம் எங்கள் கோயில் பங்குச் சுவாமி வந்தார். சின்னப் பெடியன், குருவாகி ஒரு வருடமும் இல்லை. ஜெஸ்மினை இருத்தி மன்னிப்பைப் பற்றி விளக்கியிருக்கிறார். அவள் முழுதும் கேட்டு, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"நான் புருசனை முற்றத்தில படுக்கவிட்டவளாம்! நீங்க என்னடா எண்டா ஊரார் வீட்டு அப்பம் திண்டுகொண்டு இருக்கிறியள்! இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே?"

"வாய் நிறைய…"

"கதைக்காதேங்கோ!"

ட்ரெயிலருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 18, வெள்ளி

இதை ஆறுதலாக எழுதவேண்டும்.

பொழுதுபட்டது. நான் ட்ரெயிலருக்குள் நல்லபிள்ளையாக இருந்தேன். குசினிப் பக்கமிருந்து குரல்: "எல்லா லைட்டையும் போடுங்கோ! திரைச்சீலையை விலத்துங்கோ! இண்டைக்கு உதுக்குள்ளதான் சாப்பாடு. சனம் பாக்கட்டும்!"

பார்த்தால், ஒரு கையில் புட்டுப் பானை, மறுகையில் மீன்கறிச் சட்டி, முற்றத்தில் இறங்கிவிட்டாள். என் கையைப் பிடிக்க அவளிடம் கை இல்லை. கோபத்தில் அதை அவள் கவனிக்கவுமில்லை. நான் மூச்சுவிடவில்லை. படியடிக்கு வந்ததும் ஒரு கணம் நின்று கீழே பார்த்தாள். பேணிக்குக் கீழிருந்து வெளிச்சம் அவள் செருப்பில் விழுந்தது. ஏறிவிட்டாள்.

நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்த சோடிபோல இருந்து சாப்பிட்டோம். இன்பமலர் கடைக்குப் போவதுபோல இரண்டு தரம் போய்வந்தார். இரண்டு தரமும் கையில் ஒன்றுமில்லை. ஜெஸ்மின் ஜன்னலால் கையாட்டி, "வாங்கோவன் அக்கா, புட்டு இருக்கு! உங்கட அப்பம்மாதிரி வராதுதான்!" என்று கூவிவிட்டுச் சிரித்தாள். முதலில் தெருவுக்காகத்தான் சிரித்தாள். பிறகு நிறுத்த ஏலாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

தண்ணீர் எடுக்க இறங்கிப் போனாள், வந்தாள். ஊறுகாய் எடுக்கப் போனாள், வந்தாள். தனியாக. எனக்கு ஊறுகாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூச்சுக் காட்டினால் இருட்டின் நினைவு வந்துவிடும்.

கடைசியில் ஜன்னலைப் பார்த்து, "உந்தச் சீலை சரியில்ல. மடுவுக்குப் போறதெண்டா வேற தைக்கவேணும்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

ஜூலை 19

அப்பம் வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன், மடு

சுற்றிவரக் கூடாரம். பொழுதுபட்டு நேரமாகிவிட்டது. செபமாலைக்கென்று போன ஜெஸ்மின், போகும்போதே வாளியையும் தூக்கிக்கொண்டு போனாள். அடுப்பில் சோறு என் பொறுப்பு. படி விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படியில் அமர்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

தூரத்திலேயே அவள் சிரிப்புக் கேட்டது. ஏதோ கூடாரத்துப் பெண்களிடம் பிரிட்ஜ் கதை சொல்கிறாள் போல. பிறகு தனியாகக் கயிறுகளை விலத்தி விலத்தி வந்தாள். நான் பழக்கத்தில் எழும்பிப்போய்க் கையை நீட்டினேன்.

அதில் தண்ணீர் வாளியைத் தந்துவிட்டு, "சோறு வடிச்சாச்சோ?" என்றபடி படியேறிப் போனாள்.